ஃபியட் காரும் திங்கட்கிழமைச் சோறும்

அருகன் துணை

பெரிய காஞ்சிபுரம்,
23-1-1972, ஞாயிற்றுக்கிழமை.

வந்தவாசியில் மதிப்போடு வாழ்ந்துவரும் என் மச்சான் சுமதிநாத நயினார் அவர்களுக்கு, காஞ்சிபுரம் மணிலாக்கொட்டை மண்டி தனராஜ் நயினார் நமஸ்காரம் பல சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் தங்கை சுகுமாரி சுகம். உங்கள் மருமகள் திரிசலா சுகம். மண்டி சுகம். என் கார் சுகமில்லை, ஆகவே நானும் சுகமில்லை. அங்கே வீட்டில் எல்லாருடைய சுகமும் அறிய ஆவல். ஆவல் என்று மரியாதைக்கு எழுதுகிறேன். உண்மையில் எனக்கு இருப்பது ஒரே ஒரு ஆவல்தான். இந்தக் கடிதம் கண்டதும் தாங்கள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, தங்கள் புத்திரன் சிரஞ்சீவி ஜீவந்தரனையும் அவன் இரும்புப் பெட்டியையும் கையோடு அழைத்துப் போக வேண்டும். என் பெண் திரிசலாவை அவனுக்குக் கொடுப்பதாகச் சொன்ன பேச்சை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். கோபம் போன வாரமே தீர்ந்துவிட்டது, இது அதற்கும் அப்பால்.

மச்சானுக்கு நினைவிருக்கும். பையன் மோட்டார் டிப்ளமா முடித்ததும், "படிப்பு கெடக்குது, வியாபாரம் தெரியணும், உங்க மண்டியில கொஞ்ச நாள் வெச்சிக்கோங்க, அப்புறம் ரெண்டு பேருக்கும் முடிச்சிடலாம்" என்று தாங்கள்தான் சொன்னீர்கள். முறைப் பையன், லட்சணமாக இருக்கிறான், பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கிறான், நான் ஏன் மறுக்கப் போகிறேன்? பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே ஒரு இரும்புப் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தான். தங்கள் வீட்டு அக்கா பலகாரம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து நானே ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தேன். இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் கண்ட பலன். திறந்தால் பெட்டி பூராவும் ஸ்பானர். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இன்றுவரை அவனுக்கு மணிலாக்கொட்டையில் எது முற்றல், எது சொத்தை என்று தெரியாது. என் ஃபியட் காரைக் கேளுங்கள், அது நேற்று ராத்திரி என்ன கனவு கண்டது என்பதுவரை சொல்வான்.

என் திங்கட்கிழமைப் பாடு தங்களுக்குப் புதிதல்ல. வாராவாரம் மெட்ராஸ் போய்க் கொத்தவால் சாவடியில் சரக்குப் பேசிவிட்டு வருகிறேன். அங்கே இருக்கிற தரகர்கள் மத்தியானம் சாப்பிட்டு, சாய்ந்து, எழுந்து, வெற்றிலை போட்டுத் துப்பிய பிறகுதான் விலைக்கு வாய் திறப்பார்கள். நான் காரில் ஏறும்போது சூரியன் மேற்கே இறங்கத் தொடங்கியிருப்பான். அதற்குமேல் அவனுக்கும் எனக்கும் பந்தயம். பொழுது சாய்ந்துவிட்டால் ஜைனராய்ப் பிறந்த நாம் வாயில் எதுவும் போடக் கூடாது. என் பாட்டனார் போட்டதில்லை, அப்பா போட்டதில்லை, நான் மட்டும் போட்டுவிடுவேனா? காலையில் கட்டிக்கொண்டு போகும் சோறு மத்தியானத்தோடு சரி, சாயந்திரம்வரை வைத்திருந்து சாப்பிடுவது நம் வீட்டில் வழக்கமில்லை. ஓட்டல்காரனோ வெங்காயம் போடாமல் வெந்நீர்கூட வைக்கமாட்டான். இத்தனை வருஷமாக அந்தச் சூரியன் என்னைச் சுங்குவார்சத்திரத்திலேயே தோற்கடித்துவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறான். வீடு வந்து சேர்ந்தால் கூடமெல்லாம் கத்தரிக்காய்க் கூட்டு மணக்கும். நான் கைகால் கழுவுவது சாப்பிட அல்ல, படுக்க. உங்கள் தங்கை வாசலிலேயே நின்றுகொண்டு, "நான் அப்பவே சாப்ட்டுட்டேன், நீங்கதான் பாவம்" என்பாள். அந்தப் 'பாவ'த்தை வைத்துக்கொண்டுதான் நான் செவ்வாய்க்கிழமை காலைவரை வயிற்றை ஓட்ட வேண்டும்.

இந்த இடத்தில்தான் தங்கள் பிள்ளை நுழைந்தான். ஒரு திங்கட்கிழமை என்னை மெட்ராஸுக்கு ஓட்டிக்கொண்டு போய் வந்தவன், நான் பட்டினியாகப் படுத்திருப்பதைப் பார்த்துத் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டான்.

"மாமா, தப்பு உங்க மேலயும் இல்ல, சூரியன் மேலயும் இல்ல. இஞ்சின்ல நாலு சிலிண்டர் இருக்குது. நாலும் அரைத் தூக்கத்துல வேலை செஞ்சிக்கினு இருக்குது. எழுப்பி வுட்டா போதும்."

"எழுப்பினா?"

"அரை மணி முன்னாடியே வூடு வந்துடலாம். வெளிச்சத்துலயே உக்காந்து சாப்புடலாம்."

பசித்தவனிடம் சோற்றைப் பற்றிப் பேசினால் அவன் எதற்கும் தலையாட்டுவான். நானும் ஆட்டினேன். அத்தோடு நின்றேனா? அந்த வாரம் திருப்பருத்திக்குன்றம் கோயிலில் தரிசனம் முடிந்து நம்மவர்கள் நாலு பேர் கூடியிருந்தபோது, யாரும் கேட்காமலே வாயை விட்டேன். "ஒரு திங்கக்கிழமை, ஒரே ஒரு திங்கக்கிழமை, சூரியன் இருக்கறப்பவே என்னை என் வூட்டுத் தட்டு முன்னாடி உக்கார வெச்சிடுப்பா. வர்ற முகூர்த்தத்துல திரிசலா கழுத்துல தாலி கட்டு" என்றேன். கோயில் வாசலில் நாலு பேர் காதுபடச் சொன்ன வார்த்தை. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

அன்றிலிருந்து என் வீட்டு முற்றம் மோட்டார் பட்டறை ஆகிவிட்டது. முதலில் இஞ்சினின் தலையைக் கழற்றினான். காருக்குத் தலை என்று தனியாக ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதைக் கடைசல் பட்டறை முனிரத்தினத்திடம் தூக்கிக்கொண்டு போய் அடிப்பக்கத்தை இழைத்துச் சீவிக் கொண்டுவந்தான். தலையைச் சீவினால் சிலிண்டருக்குள் இடம் குறையுமாம், இடம் குறைந்தால் பெட்ரோலும் காற்றும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்குமாம், அப்படி நின்று வெடித்தால் பலம் கூடுமாம். நம் முனிவர்கள் தலைமயிரைப் பறித்துக்கொண்டால் ஆசை அடங்கும். என் இஞ்சினுக்குத் தலையைச் சீவியதும் பெட்ரோல் ஆசை ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது. அப்புறம் எங்கிருந்தோ ஒரு பெரிய காரின் பழைய கார்புரேட்டரைப் பிடித்துவந்து மாட்டினான். சைலன்சர் வயிற்றிலிருந்த தடுப்புகளை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் குழாயாக்கினான். "மூச்சு தாராளமா வுடணும் மாமா" என்றான். மூச்சை விட்டால் போதுமா, இழுக்கவும் தாராளமாக இழுக்க வேண்டுமே? அதற்காக, காற்றை வடிகட்டி அனுப்புகிற டப்பாவைக் கழற்றிப் பரணில் போட்டான். இஞ்சின் சூட்டில் கொதித்த காற்று ஆகாதாம், குளிர்ந்த காற்றுதான் வேண்டுமாம். தகரத்தில் ஒரு குழாய் செய்து, கார்புரேட்டரில் ஆரம்பித்து, வளைத்து வளைத்துக் காரின் முன்பக்கம் கீழே, நம்பர் பலகைக்குப் பின்னால் வாயைப் பிளந்தபடி கொண்டுவந்து விட்டான். திரிசலா பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள். போன தீபாவளிக்கு வாங்கிய பட்டுப் பாவாடை. அதில் இப்போது ஜரிகை எது, கிரீஸ் எது என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை.

இதிலும் நான் ஒருவன்தான் தர்மத்தை நினைத்தேன் என்பதை மச்சான் கவனிக்க வேண்டும். அந்தக் குழாயைப் பூட்டிய அன்று அந்தி நேரம் இஞ்சினை ஓடவிட்டு, முன்விளக்கையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். விளக்குக்கு வந்த ஒரு சிறு பூச்சி வெளிச்சத்தைச் சுற்றிவிட்டுக் கீழே இறங்கியது. அந்தக் குழாய் அதைச் சர்ரென்று உள்ளே இழுத்துக்கொண்டது. தண்ணீரைக்கூட வடிகட்டாமல் குடிக்காத வம்சம் நம்முடையது. நான் மெட்ராஸ் போய் வருவதற்காக வழி நெடுக எத்தனை உயிர் அந்தக் குழாயில் போய் எரியும்? பையனிடம் சொன்னால் இங்கிலீஷில் ஏதாவது பதில் சொல்வான் என்று நான் சொல்லவில்லை. உங்கள் தங்கையிடம் சொன்னேன். அவள், குடிதண்ணீர் வடிகட்ட என்றே எதிர்வீட்டு வீரபாகு தன் தறியில் நெய்து கொடுத்த துணியை எடுத்து இரண்டாக மடித்துக் குழாய் வாயில் கட்டினாள். வீரபாகு நெய்த துணி என்றால் சும்மா இல்லை, ஊசி முனைகூட நுழையாத நெருக்கம். தண்ணீரே அதில் யோசித்து யோசித்துத்தான் இறங்கும். திங்கட்கிழமை காலை நான் புறப்படும் நேரத்தில், பையன் குளித்துக்கொண்டிருக்கும்போது, சாமி கும்பிட்டுவிட்டுக் கட்டுவாள். நான் திரும்பி வந்து இறங்கியதும் அவிழ்த்துக் கிணற்றடியில் அலசி உலர்த்துவாள். இது ஒரு சின்ன விஷயம், என் மனசு எப்படிப்பட்டது என்பதற்காகச் சொன்னேன். இனி கதைக்கு வருகிறேன்.

முதல் திங்கட்கிழமை. தெருமுனையிலேயே ஆரம்பித்தது. நெசவுத் தெருவில் காலை நேரம் பாவு நீட்டியிருப்பார்கள், தெரு நீளத்துக்குப் பட்டு இழை காயும், கார் நின்று காத்திருந்து போவதுதான் வழக்கம். அன்றைக்குப் பார்த்து இஞ்சின் கரும்புகை விட்டுக்கொண்டு இருமுகிறது. "நிறுத்துப்பா" என்றேன். "நிறுத்தினா மறுபடி எடுக்காது போலக்குது மாமா" என்றான். பட்டில் புகை பட்டால் தெருவே என்னைத் தின்றுவிடும். கடைசியில் நான்தான் எட்டி இஞ்சினை அணைத்தேன். வீரபாகுவும் அவர் வீட்டு ஆட்களும் பாவைத் தாங்கும் கவைக்கோல்களை உயர்த்திப் பிடித்துக்கொள்ள, நாலு பேர் காரைப் பாவுக்கு அடியில் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் உள்ளே தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன், தலைக்குமேல் கல்யாணப் புடவைப் பாவு போகிறது.

"நயினாரே, பாவுக்குள்ள தறி நாடா போறாப்பல போறீங்க. அந்தாண்ட போயி மறுபடி இந்தாண்ட வருவீங்களா?" என்றார் வீரபாகு. தெருவே சிரித்தது.

பெரிய சாலையிலாவது பறக்கும் என்று பார்த்தால், ராஜகுளத்துக்கு அப்பால் பால்காரன் ஒருவன் சைக்கிளில் வந்து என் ஜன்னலைப் பிடித்துக்கொண்டான். அவன் மிதிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம், நன்றாகவே மிதித்தான். அவன் மாடு கன்று போட்டது, கன்று காளையாகப் போனது, அவன் மச்சினன் கோர்ட்டுக்குப் போனது எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "நீங்க மெதுவா வாங்க சாமி, எனக்கு நேரமாவுது" என்று சொல்லி முன்னால் போய்விட்டான். அன்று சூரியன் என்னைச் சுங்குவார்சத்திரத்தில் தோற்கடிக்கவில்லை. அதற்கும் முன்னாலே வருகிற ஸ்ரீபெரும்புதூரிலேயே தோற்கடித்தான். அதாவது தங்கள் பிள்ளை எழுப்பிவிட்ட இஞ்சின், தூங்கிக்கொண்டிருந்ததைவிட மெதுவாக ஓடுகிறது. வீடு வந்ததும் தோற்ற முகத்தைக் கழுவ அவன் நேரே கிணற்றடிக்குப் போய்விட்டான். நான் நேரே பாயில் படுத்துவிட்டேன்.

மறுநாள் அவன் வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனாத்தூர்வரை தனியாகப் போய் வந்தான். நான் வழியில் நின்று என் கண்ணாலேயே பார்த்தேன் மச்சான், பொய் சொல்லக் கூடாது. பறந்தது. ஒரு தூசிப் படலம் போனது, அதற்குள்ளே என் கார் இருந்தது. திரும்பி வந்து இறங்கியவன் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

"நா தனியா போனா பறக்குது. நீங்க ஏறினா படுத்துக்குது. தப்பா நெனைச்சிக்காதீங்க மாமா. வெயிட்டு."

கேட்டீர்களா? பெண் கொடுக்கப் போகிற மாமனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா இது? அதோடு விட்டானா? மண்டியில் மூட்டை போடுகிற தராசில் என்னை ஏற்றி நிறுத்தினான். கூலியாட்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். "மொதலாளி, சாக்குக்குக் கழிச்சிட்டீங்களா?" என்று ஒருவன் கேட்டான். எந்த மண்டிக்காரனுக்கும் இந்தக் கதி வரக் கூடாது.

பிறகு எடை குறைக்கிற திருப்பணி. ஸ்டெப்னி டயர் போனது. ஜாக்கி போனது. பின் ஸீட்டைக் கழற்றினான், முன்னால் என் ஸீட்டையும் கழற்றினான், பின்பக்கம் தரையில் ஒரு கோரைப்பாயை விரித்தான். அதுதான் என் ஆசனம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நான் தெரியவே மாட்டேன், ஏதோ குரல் மட்டும் கேட்கும். காரை இளைக்கவைத்தது போதாதென்று என்னையும் இளைக்கவைக்கப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு அரை வயிறு போட்டால் போதும் என்று அத்தையிடம் சொல்லிவைத்தான். உங்கள் தங்கையும் மருமகன் வாக்கு வேதவாக்கு என்று நடத்துகிறாள். திங்கட்கிழமைதான் பட்டினி என்றிருந்தேன், இப்போது ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்துகொண்டது. ரசம் நீர்த்திருக்கிறதே என்று வாயைத் திறந்தேன். திரிசலா சொல்கிறாள், "எடை கம்மியாவணுமில்லப்பா, லேசாத்தான் இருக்கும்." பெற்ற பெண் பேசுகிற பேச்சு.

இத்தனையும் பொறுத்துக்கொண்டு போன திங்கட்கிழமை மறுபடி ஏறினேன். பாயில் உட்கார்ந்தேன். உங்கள் தங்கை முன்பக்கம் குனிந்து செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, நல்லபடியாகப் போய் வாங்க என்றாள். போகும்போதும் ஊர்ந்தது, வரும்போதும் ஊர்ந்தது. புகை வேறு. காஞ்சிபுரம் எல்லைக்கு வரும்போது பொழுது சாய்ந்து விளக்கு வைத்துவிட்டார்கள். எங்கள் தெருவுக்கு முந்திய தெருவில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. அன்று அங்கே உற்சவம். சாமியை அலங்காரம் செய்து வாசலில் வைத்திருக்கிறார்கள், தீபாராதனை ஆகவில்லை, நாதஸ்வரக்காரர் ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறார். வேட்டுச் சத்தம் கேட்டால் சாமியைத் தூக்க வேண்டும் என்பது அந்தக் கோயில் பழக்கம். அந்த நேரம் பார்த்து என் காரின் வெறுங்குழாய் வெடித்தது. ஒரு தடவை அல்ல, வரிசையாக வெடித்தது.

தூக்குகிறவர்கள் என்ன கண்டார்கள்? வேட்டுப் போட்டாயிற்று என்று தோளில் ஏற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். குருக்கள் தட்டை வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறார். நாதஸ்வரக்காரர் வாய் நிறைய வெற்றிலையோடு வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார், ஊதவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சாமி தெருமுனை திரும்பிவிட்டது. பின்னால் என் கார் வேட்டுப் போட்டபடி போகிறது, வழிவிட ஆளில்லை, நிற்கவும் தைரியமில்லை. கோயில் தர்மகர்த்தா கைலாசம் ஜன்னலில் தலையை விட்டுப் பார்த்தார். உள்ளே பாயில் என்னைக் கண்டதும் திடுக்கிட்டுப் போனார்.

"யாரு, நயினாரா? கீழ ஏன் குந்திக்கினு இருக்கீங்க?"

மறுநாள் காலை அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் சட்டையை மாட்டிக்கொண்டு தயாரானேன். அவரோ, "எங்க வேட்டுக்காரன் ஒழுங்கா வர்றதில்ல. அடுத்த மாசமும் அதே நேரத்துக்கு வண்டியக் கொஞ்சம் அந்தப் பக்கமா கொண்டாந்தீங்கன்னா புண்ணியமா போவும்" என்று கேட்டுவிட்டுப் போகிறார். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

மச்சான், போதும். எனக்கு வேகம் வேண்டாம், பலம் வேண்டாம், குளிர்ந்த காற்று வேண்டாம். உட்கார ஒரு ஸீட்டு கிடைத்தால் போதும். பையனைக் கூப்பிட்டு, "நீ ஜெயிக்கல, நான் கொடுக்கல, பேச்சு முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டேன். அவன், "இன்னும் ஒரு தபா பாக்கலாம் மாமா" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். திரிசலா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சோற்றை வைப்பாள், போவாள். உங்கள் தங்கை இரண்டு பக்கமும் பேசாமல் நடுவில் நிற்கிறாள். ஆரணியில் ஒரு வரன் இருப்பதாகச் சொல்கிறார்கள். பையனிடம் ஒரு சைக்கிள்தான் இருக்கிறதாம், அதையும் கழற்றிப் பார்க்கும் எண்ணம் அவனுக்கு இல்லையாம். எனக்கு அதுவே பெரிய குணமாகப் படுகிறது. ஆகவே தாங்கள் மனம் கோணாமல் வந்து பிள்ளையை அழைத்துப் போகவும். நம் உறவு இதனால் கெடாது, பெட்டி மட்டும் இந்த வீட்டில் இருக்கக் கூடாது.

மற்றபடி அருகன் அருளால் தங்களுக்கு ஆயுளும், கழனிக்கு மழையும், வீட்டில் எல்லாருக்கும் வேளைக்குச் சாப்பாடும் குறைவில்லாமல் இருக்கட்டும். அக்காவுக்கு நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பட்டினியோடு,
தனராஜ்.

பி.கு.: செவ்வாய்க்கிழமை காலை எழுதுவது. மேலே உள்ளதை மெட்ராஸில் தபாலில் போடலாம் என்று நேற்றுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன், சாவடி அவசரத்தில் மறந்துவிட்டேன். நேற்று பஸ்ஸில் போவதாகத்தான் இருந்தேன். உங்கள் தங்கையும் திரிசலாவும் விடிந்ததும் விடியாததுமாகத் திருப்பருத்திக்குன்றத்தில் பூஜை என்று போய்விட்டார்கள், என்னை எழுப்ப ஆளில்லாமல் பஸ் போய்விட்டது. வேறு வழியில்லாமல், இதுவே கடைசி என்று சொல்லிவிட்டுப் பாயில் உட்கார்ந்தேன்.

வண்டியை எடுத்தான். பாய் பின்னால் நகர்ந்தது, நானும் பாயோடு நகர்ந்தேன். ராஜகுளத்துக்கு அப்பால் அந்தப் பால்காரனைத் தாண்டினோம், அவன் ஏதோ சொன்னான், காதில் விழவில்லை. சாயந்திரம் திரும்பும்போது சுங்குவார்சத்திரத்தில் பழக்க தோஷத்தில் எழுந்து மேற்கே பார்த்தேன். சூரியன் இருந்தான். புகை இல்லை, வேட்டு இல்லை. ஜீவந்தரன் திரும்பி என்னைப் பார்த்து, "மாமா, நீங்க இளைச்சிட்டீங்க" என்றான். "பின்ன? ரெண்டு ஞாயித்துக்கிழமை அரை வயிறுன்னா சும்மாவா" என்றேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, வேட்டி இடுப்பில் தளர்ந்தாற்போலவே இருந்தது.

வீட்டில் தட்டு முன்னால் உட்கார்ந்தபோது கூடத்தில் வெயில் இருந்தது. உங்கள் தங்கை கூட்டைப் பரிமாறிக்கொண்டே, "காலைல நீங்க பஸ்ஸுல போறீங்கன்னு நெனைச்சி, கோயிலுக்குப் போற அவசரத்துல வண்டிக்குத் துணி கட்டாம வுட்டுட்டேனே" என்றாள். பையன் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை நிறுத்தினான்.

"எந்தத் துணி அத்தை?"

நான் மோர் கேட்டேன். யாரும் கொண்டுவரவில்லை. துணியைக் கட்டியது உங்கள் தங்கை. கட்டச் சொன்னது யார் என்று அவள் கேட்கிறாள், அது இப்போது வேண்டாத சங்கதி. பையன் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், வாயை வைத்து ஊதிப் பார்த்தான், அந்தப் பக்கம் காற்றே வரவில்லை. கோபப்படுவான் என்று நினைத்தேன். எழுந்து போய்க் குழாயை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு பூச்சி இல்ல மாமா. அதெல்லாம் பொழுது சாஞ்சாத்தான் பறக்கும். நாம அதுக்கு முன்னாடி வூடு சேந்துட்டோம். வாய்க்குக் கம்பிவலை ஒண்ணு பெருசா போட்டுடறேன். இனிமே இஞ்சினும் நம்மள மாதிரிதான், இருட்டினா வாயத் தொறக்காது" என்று சொல்லி மறுபடி சாப்பிட உட்கார்ந்தான். மச்சான், பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள்.

நான் உங்கள் தங்கையை, நீயும் உட்கார் என்றேன். "நான் அப்பவே சாப்ட்டுட்டேன்" என்றாள். அப்போதுதான் திரிசலா என்னோடு பேசினாள். "பொய்யிப்பா. திங்கக்கிழமை அம்மா சாப்புடறதே இல்ல. நீங்க வந்துடுவீங்கன்னு வாசல்லயே பாத்துக்கினு நிப்பாங்க. இருட்டிடும். அப்புறம் எங்க சாப்புடறது?" என்றாள். தங்கள் பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே, "அதுக்குத்தான் மாமா வண்டியப் பிரிச்சேன். அத்தைக்காகன்னு சொன்னா, அவ சாப்ட்டுட்டாளேன்னு சொல்லியிருப்பீங்க" என்றான். வந்த நாலு நாளில் அவன் கண்டதை நான் இத்தனை வருஷம் காணவில்லை. மோர் எடுக்க நானே எழுந்தேன், வரும்போது அவளுக்கு ஒரு தட்டையும் எடுத்துவந்தேன்.

மேலே எழுதியதில் சுகம் விசாரித்த வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடவும். கவரில் தபால்தலை ஒட்டிவிட்டேன், வீணாக்குவானேன் என்றுதான் அனுப்புகிறேன். அக்காவோடு புறப்பட்டு வந்து முகூர்த்தம் பார்க்க வேண்டியது. பெட்டி இங்கேயே இருக்கட்டும். நேற்று உங்கள் தங்கை என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் இரண்டாம் தடவை சோறு கேட்டபோதும் கூடத்தில் வெயில் இருந்தது.